நெற்றியில் ஒட்டிய சென்சாரும் முதல் 72 மணி நேரமும்

26 வாரத்தில் பிறந்த அந்தக் குழந்தையின் எடை 780 கிராம். பிறந்தவுடன் உடலைத் துடைக்காமல், சூடு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படியே பாலிதீன் உறைக்குள் கழுத்தளவு வைத்து வார்மரின் கீழ் கிடத்தினோம். மருத்துவர் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி மூச்சுக்கு உதவிக்கொண்டிருக்க, உடன் இருந்த செவிலியர் வலது மணிக்கட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைச் சுற்றினார். என் வேலை நெற்றி. இடது புருவத்துக்கு மேலே ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுத்து, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்த இடத்தில், மூளையின் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரை வைத்து, அதன் மேல் மெல்லிய மீள்துணிப் பட்டையை இறுக்காமல் சுற்ற வேண்டும். அதைச் செய்து முடித்து நிமிர்ந்தபோது கடிகாரம் 2 நிமிடத்தைத் தாண்டியிருந்தது; மூளையின் ஆக்ஸிஜன் அளவாகத் திரையில் 38 என்று வந்தது.

என் கை தானாகவே ஆக்ஸிஜன் குமிழை நோக்கிப் போனது. மருத்துவர் தலையை உயர்த்தாமலே, “இருங்க சிஸ்டர், நெஞ்சு நல்லா ஏறி இறங்குது, இதயத்துடிப்பு 130 இருக்கு, இன்னும் ரெண்டு நிமிஷம் பார்ப்போம்” என்றார். 30 சதவீத ஆக்ஸிஜனிலேயே தொடர்ந்தோம். 5-ஆம் நிமிடத்தில் அந்த எண் 60-ஐத் தொட்டது. 8-ஆம் நிமிடத்தில் 72-இல் வந்து நின்றது. அன்று நான் குமிழைத் திருகியிருந்தால் அந்த ஏற்றத்தை என் செயலின் பலன் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன்.

கருவறைக்குள் குழந்தை வாழ்ந்ததே குறைந்த ஆக்ஸிஜனில்தான் என்பதைப் பாடமாகப் படித்திருந்தும், திரையில் 38-ஐப் பார்க்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. பிறந்த 2-ஆம் நிமிடத்தில் மணிக்கட்டில் அளக்கப்படும் ஆக்ஸிஜன் செறிவு 65 முதல் 70 சதவீதம் இருந்தாலே போதும் என்றும், 5-ஆம் நிமிடத்தில் 80 முதல் 85, 10-ஆம் நிமிடத்தில் 85 முதல் 95 என்றும்தான் உயிர்ப்பிப்புப் பயிற்சிகளில் கற்றுத்தருகிறார்கள். மூளையின் அளவு அதற்கும் கீழே தொடங்கி, ஏறத்தாழ 7 அல்லது 8 நிமிடங்களுக்குள் ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே பிரசவ அறையில் எந்த எண்ணையும் அது வந்த நிமிடத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 2-ஆம் நிமிடத்தின் 38 இயல்பானது. 10-ஆம் நிமிடத்திலும் 38-ஆகவே நின்றால் அது ஆபத்து.

இந்தக் கருவி எதை அளக்கிறது என்பதில் புதிதாகப் பணிக்கு வரும் செவிலியருக்கும் பெற்றோருக்கும் ஒரே குழப்பம்தான் வருகிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் துடிக்கும் தமனி ரத்தத்தை மட்டும் கணக்கில் கொள்கிறது. நுரையீரலிலிருந்து உடலுக்குப் புறப்பட்ட ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பதே அதன் பதில். நெற்றியில் ஒட்டப்படும் சென்சார், 700 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தோலையும் மெல்லிய மண்டையோட்டையும் கடந்து மூளைக்குள் அனுப்பி, சிதறித் திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கிறது. ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஏந்தாத ஹீமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கருவி கணக்கிட்டுத் தருகிறது. 1977-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் என்ற ஆய்வாளர் காட்டிய வழி இது. ஒளி போய் வரும் பகுதியில் உள்ள ரத்தத்தில் பெரும்பங்கு சிரை ரத்தம். அதாவது மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மீதம் இருப்பதையே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்த கணக்கு இந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. மணிக்கட்டில் 93 காட்டும்போது நெற்றியில் 70 காட்டுவது இயல்பு என்பதை நான் ஒவ்வொரு தாய்க்கும் இப்படித்தான் விளக்குகிறேன்.

குறைமாதக் குழந்தையின் மூளையில், நீர் அறைகளை ஒட்டி ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்ற பகுதி இருக்கிறது. நரம்பணுக்கள் உருவாகும் அந்த இடத்து ரத்த நாளங்கள் மிக மெல்லியவை. தாங்கிப்பிடிக்கத் திசு இல்லாதவை. ரத்த ஓட்டம் குறைந்து பிறகு திடீரென்று கூடும்போது அவை வெடித்துக் கசிகின்றன. வளர்ந்த மூளை ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தை ஓரளவு ஒரே சீராக வைத்துக்கொள்ளும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு அந்தத் திறன் அரைகுறையாகவே இருக்கும். மூளைக்குள் ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடுவதால்தான் கண்காணிப்பும் அந்த மூன்று நாட்களைக் குறிவைக்கிறது.

என் பணியில் இந்தக் கருவியின் அருமையை எனக்கு உணர்த்தியது ஓர் இரவுப் பணி. 27 வாரத்தில் பிறந்து நான்கு மணி நேரமே ஆன குழந்தை, வென்டிலேட்டரில் இருந்தது. நுரையீரல் எளிதில் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து மாலையில் உள்ளே செலுத்தப்பட்டு, ஆக்ஸிஜன் தேவை 50 சதவீதத்திலிருந்து 25-க்கு இறங்கியிருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 93, இதயத்துடிப்பு 150, ரத்த அழுத்தத்தின் சராசரி 31. ஓர் அலாரம்கூட ஒலிக்கவில்லை. நெற்றி எண் மட்டும் 70-லிருந்து 64-க்கு வந்தது. சிறிது நேரம் கழித்து 58. சென்சார் நகர்ந்திருக்கும் என்று எண்ணித் தொப்பியை விலக்கிப் பார்த்தேன்; நன்றாகவே ஒட்டியிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது 52.

குழந்தையின் நெஞ்சைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உயர்ந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. 900 கிராம் உடலுக்கு அது அளவுக்கு மீறிய உயர்வு. வென்டிலேட்டர் திரையில், ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் காற்று கிலோவுக்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 என்று இருந்தது. மருந்து வேலை செய்து நுரையீரல் இளகிவிட்டது. அழுத்தமோ, நுரையீரல் விறைப்பாக இருந்தபோது வைத்த அதே அளவில் நின்றிருந்தது. பணி மருத்துவரை அழைத்தேன். ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 27 மி.மீ. பாதரசம் என்று வந்தது. 35-க்குக் கீழே இறங்கினாலே மூளையின் ரத்த நாளங்கள் சுருங்கத் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். சுருங்கிய நாளங்கள் வழியே போகும் ரத்தம் குறைந்ததால்தான் நெற்றி எண் இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தத்தைக் குறைத்தார்கள். 20 நிமிடங்களில் அந்த எண் 66-க்கு ஏறியது. மணிக்கட்டில் இருந்த 93, நடந்தவற்றில் எதையும் காட்டாமல் கடைசிவரை 93-ஆகவே இருந்தது.

அந்த இரவில் நான் ஆக்ஸிஜனை உயர்த்தியிருந்தால் நெற்றி எண் ஓரிரண்டு புள்ளிகள் ஏறியிருக்கும், நானும் நிறைவடைந்திருப்பேன், கார்பன் டை ஆக்சைடு மேலும் இறங்கிக்கொண்டே போயிருக்கும். எண் குறைந்தால் ஆக்ஸிஜனைக் கூட்டுவது என்ற பழக்கமே இந்தக் கருவியைப் பயன்படுத்துவோரிடம் நான் காணும் மிகப்பெரிய குறை என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். நெற்றி எண் குறைவதற்கு ஆக்ஸிஜன் பற்றாக்குறை பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

அதனால் எண் 55-க்குக் கீழே போய் அங்கேயே நிற்கும்போது நான் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறேன். முதலில் சென்சார், உடனே குழந்தை: நிறம், அசைவு, நெஞ்சு, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. தலை ஒரு பக்கமாக வளைந்து கிடந்தால் கழுத்துச் சிரை அழுந்தி ரத்தம் திரும்புவது தடைபடலாம். நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் எண் மாறிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து மணிக்கட்டு எண்ணைப் பார்ப்பேன். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் சிக்கல் நுரையீரலிலோ மூச்சுக்குழாயிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அது அசையாமல் நெற்றி எண் மட்டும் இறங்கியிருந்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன: கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டதா, ரத்த அழுத்தமும் இதயத்தின் வேலையும் போதுமானவையா, ஹீமோகுளோபின் குறைந்துவிட்டதா? பரிசோதனைக்காக நாமே எடுக்கும் துளிகள் சேர்ந்து அந்தச் சிறிய உடலில் ரத்தசோகையைக் கொண்டுவரும் என்பதால் கடைசிக் கேள்வியைக் கேட்க நான் தயங்குவதில்லை. பிறந்த பிறகு தானாக மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய டக்டஸ் நாளம் மூடாமல் இருந்தால் அதுவும் மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தை வேறு பக்கம் இழுத்துவிடும். அதை இதய எக்கோ பரிசோதனைதான் சொல்லும். முடிவு மருத்துவருடையது. எதை எந்த நேரத்தில் பார்த்தேன் என்று வரிசையாக நான் சொல்லும்போது அவருடைய முடிவு விரைவாகிறது என்பதே என் அனுபவம்.

உயர்ந்த எண்ணையும் இதே அக்கறையோடு பார்க்க வேண்டும். 85-க்கு மேல் நீண்ட நேரம் நின்றால் ஆக்ஸிஜன் தேவைக்கு மேல் போகிறதா, கார்பன் டை ஆக்சைடு ஏறி நாளங்கள் விரிந்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். மூச்சுத்திணறலால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட மூளை, ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் போவதாலும் எண் உயர்ந்து நிற்கலாம். அதைத் தேறிவருவதாக எடுத்துக்கொண்டுவிட்டால் குழந்தைக்கு இழப்பு. ஒருமுறை 95 என்று காட்டிப் பல நிமிடம் அசையாமல் நின்ற எண்ணைப் பார்த்து ஒரு பெற்றோர் மகிழ்ந்தார்கள். இன்குபேட்டரின் ஈரப்பதத்தில் சென்சாரின் ஓரம் கிளம்பி, மஞ்சள் காமாலைக்கான நீல ஒளி உள்ளே புகுந்திருந்தது. சில கருவிகள் காட்டக்கூடிய உச்ச எண்ணே 95-தான் என்பதால், அந்த எண்ணில் உறைந்து நிற்கும் திரையை நான் நம்புவதே இல்லை.

ஒளி புகாமல் இருக்க வேண்டும் என்ற அதே கவனம் ஒருமுறை என்னைத் தவறு செய்யவைத்தது. சென்சார் நகரக் கூடாதென்று தொப்பியின் நாடாவைச் சற்று இழுத்துக் கட்டினேன். அன்று பிரிவில் வேலை அதிகம். இரண்டு முறை பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு முறையே பார்த்தேன். அடுத்த பணிக்கு வந்த செவிலியர் சென்சாரை எடுத்தபோது, அதன் விளிம்பு அப்படியே ஒரு செவ்வகமாகக் குழந்தையின் நெற்றியில் சிவந்து பதிந்திருந்தது. ஒரு மூலையில் தோல் புண்ணாகியிருந்தது. 25 வாரக் குழந்தையின் தோல், அதன் வழியே ரத்த நாளங்கள் தெரியுமளவு மெல்லியது. விரல் அழுத்தமே அதற்குச் சுமை. அந்தத் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் புண் ஆறியது என்றாலும், அன்று முதல் என் பழக்கங்கள் மாறின. சென்சாருக்கும் தோலுக்கும் இடையே, ஒளியைத் தடுக்காத மெல்லிய பாதுகாப்புப் படலத்தை வைக்கிறேன். பட்டைக்கடியில் என் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மற்றப் பணிகளோடு சேர்த்தே, தோலைப் பார்த்து, இடது நெற்றியிலிருந்து வலதுக்கும் வலதிலிருந்து இடதுக்கும் மாற்றி வைக்கிறேன். பிரசவத்தின்போது வீங்கிய இடத்தின் மேலோ ரத்தக்கட்டின் மேலோ வைப்பதில்லை. அங்கே ஒளி தேங்கிய ரத்தத்தை அளக்குமே ஒழிய மூளையை அளக்காது. இடம் மாற்றிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதுகிறேன். இல்லாவிட்டால், இடம் மாறியதால் வந்த ஐந்து புள்ளி வேறுபாட்டைக் குழந்தையிடம் வந்த மாற்றமாக அடுத்தவர் படித்துவிடுவார்.

சென்சாரின் வகையையும் எழுதிவைப்பது நல்லது. பெரியவர்களுக்கான சென்சாரைவிடப் பச்சிளங்குழந்தைகளுக்கான சென்சார் அதே தலையில் 10 புள்ளிகள் வரை அதிகமாகக் காட்டக்கூடும். 55 முதல் 85 என்ற பரவலாகச் சொல்லப்படும் எல்லை பெரியவர்களுக்கான சென்சாரை வைத்து வந்தது. ஒரு கருவியின் எல்லையை இன்னொன்றின் திரையில் பொருத்திப் பார்த்தால், தாழ்ந்திருக்கும் குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றும். கருவி மாறியபோதெல்லாம் எங்கள் பிரிவில் எல்லைகளையும் மாற்றி எழுதி, திரையின் ஓரத்திலேயே ஒட்டிவைத்தோம்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஆய்வுகள் சொல்வதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த 166 குழந்தைகளை வைத்து ஐரோப்பாவில் நடந்து, 2015-இல் வெளியான சேஃப்பூஸ்க் இரண்டாம் கட்ட ஆய்வில், நெற்றி எண்ணைப் பார்த்துச் சிகிச்சை அளித்தபோது, மூளை ஆக்ஸிஜன் எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் இருந்தது என்ற சுமை 58 சதவீதம் குறைந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்து 17 நாடுகளில் 1,601 குழந்தைகளுடன் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. இறப்போ கடுமையான மூளைச் சேதமோ நேர்ந்தவர்கள், கண்காணிக்கப்பட்ட பிரிவில் 35.2 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பிரிவில் 34 சதவீதம்; பலன் தெரியவில்லை. பிறந்த முதல் 15 நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்ட காஸ்காட் ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர்கள் வழிநடத்திய அந்த ஆய்வில், 32 வாரத்துக்கு முன் பிறந்த 607 குழந்தைகளில், மூளைச் சேதமின்றிப் பிழைத்தவர்கள் கண்காணிப்புடன் 82.9 சதவீதம், இல்லாமல் 78.5 சதவீதம், வேறுபாடு நல்ல திசையில் இருந்தாலும், தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அது பெரிதாக இல்லை.

அந்த முடிவுகளைப் படித்த நாளில் எனக்கு மனம் கனத்தது என்பது உண்மை. பல இரவுகளை அந்த எண்ணின் முன்னால் கழித்தவள் நான். ஆனாலும் இந்தக் கருவி இல்லாத மருத்துவமனையில் பிறந்த குழந்தை வஞ்சிக்கப்பட்டதாக எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டியதில்லை என்பதை அந்த ஆய்வுகள் எனக்கு உறுதியாகச் சொல்லின. பிரசவத்துக்கு முன் தாய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு ஊசி, தொப்புள்கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்டுவது, உடல் சூடு, மென்மையான மூச்சுதவி, தொற்று வராமல் கை கழுவுவது ஆகியவற்றில் எதையும் இந்தத் திரை ஈடுசெய்யாது. இவை அனைத்தும் சரியாக நடக்கும் பிரிவில், கார்பன் டை ஆக்சைடு இறங்கிய அந்த இரவைப் போன்ற நேரங்களில், இது கூடுதலாக ஒரு கண் என்பதே என் கருத்து.

பெற்றோருக்குச் சில சொற்கள். ஒரு தாய் இன்குபேட்டர் அருகே உட்கார்ந்து குழந்தையைப் பார்க்காமல் மூன்று மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சிஸ்டர், 68-லருந்து 61-க்கு வந்துடுச்சு, என் பிள்ளை மூளைக்குக் காத்து போகலையா?” என்று அவர் கேட்டபோது குரல் நடுங்கியது. குழந்தை அழுதாலும், டயப்பர் மாற்றினாலும், சளியை உறிஞ்சி எடுத்தாலும் எண் இறங்கி ஏறும் என்று சொல்லி, கடந்த ஆறு மணி நேரக் கோட்டுப்படத்தை அவருக்குத் திறந்து காட்டினேன். கோடு மலைத்தொடர்போல் ஏறி இறங்கினாலும், எல்லைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. நீங்களும் எண்ணைக் கேட்பதைவிடக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். “எங்கள் குழந்தைக்கு எந்த எல்லை வைத்திருக்கிறீர்கள், அதற்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, காரணம் என்னவென்று பார்த்தீர்கள்?” என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. தலை ஸ்கேன் எந்தெந்த நாளில் எடுப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதை உச்சிக்குழி வழியாக எடுக்கும் அந்த ஸ்கேனே காட்டும், நெற்றி எண் காட்டாது. சென்சார் ஒட்டியிருப்பதால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ள முடியாது என்று எண்ண வேண்டாம். உடல்நிலை இடம் கொடுக்கும் குழந்தையை ஒயர்களோடு சேர்த்தே தாயின் நெஞ்சில் வைத்திருக்கிறோம்.

அந்தத் தாயின் குழந்தைக்கு 72 மணி நேரம் முடிந்தது ஒரு விடியற்காலையில். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஓரங்களில் வைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, தோலோடு படிந்தபடியே சென்சாரை மெல்ல உருட்டி எடுத்தேன். நெற்றியில் வெளிர்ந்த ஒரு சதுரம் தெரிந்தது, சிவப்பு இல்லை. எடுத்த நேரம், தோலின் நிலை, கடைசியாக இருந்த அளவு 71, ஏழாம் நாள் ஸ்கேன் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் இன்குபேட்டரின் துளை வழியாகக் கையை நுழைத்து, அந்த வெளிர்ந்த இடத்தைத் தொடாமல், அதற்கு மேலே தலையை உள்ளங்கையால் மூடிவைத்திருந்தார்.